நான்கு நாவல்கள், நான்கு சோதனைகள்: சிங்க்ளேர் லூயிஸ் முதற்பதிப்புகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க நையாண்டி நாவல்களின் முதற்பதிப்புகளைச் சேர்க்கத் தொடங்குபவர் கைக்கு முதலில் வந்து சேருவது பெரும்பாலும் சிங்க்ளேர் லூயிஸின் புத்தகமாகத்தான் இருக்கும். 'மெயின் ஸ்ட்ரீட்' 1920, 'பாபிட்' 1922, 'ஏரோஸ்மித்' 1925, 'எல்மர் கேன்ட்ரி' 1927. சிறுநகர வாழ்க்கை, வணிகரின் தற்பெருமை, மருத்துவ ஆராய்ச்சிக்குள் புகுந்த விளம்பர வெறி, மதப் பிரசங்கத் தொழில் என்று ஏழே ஆண்டுகளில் நான்கு இலக்குகள். அமெரிக்கர் ஒருவருக்கு இலக்கிய நோபல் முதன்முதலாகக் கிடைத்தது 1930இல், லூயிஸுக்குத்தான். இந்த நாவல்கள் பல்லாயிரக்கணக்கில் அச்சாகி விற்றவை. அதனால் பழைய பிரதிகளுக்குப் பஞ்சமே இல்லை. சரியான பிரதிதான் அரிது.

நான்கையும் வெளியிட்டது ஒரே பதிப்பகம். வரிசையாக அடுக்கி வைத்தால் நீலத் துணிக்கட்டும் ஆரஞ்சு எழுத்துமாக ஒரு குடும்பத்துச் சாயல் தெரியும். இருந்தும் ஒன்றுக்குச் சொன்ன சோதனை இன்னொன்றுக்குச் செல்லாது. பொதுவிதி ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு வாங்கப் போகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் இந்த நான்கையும் சேர்த்து ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறோம்.

சொற்களில் முதலில் தெளிவு

தமிழ்ப் பதிப்புலகில் 'பதிப்பு', 'அச்சு' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் உண்டு. ஓர் எழுத்துகூட மாறாத மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்றே போட்டுவிடுவார்கள். இங்கே அந்தக் கலப்பு பணத்தைத் தின்றுவிடும்.

ஒரு முறை அச்சுக்கோத்து, அந்தக் கோப்பிலிருந்தோ அதன் உலோகத் தகடுகளிலிருந்தோ எடுத்த பிரதிகள் எல்லாம் ஒரே பதிப்பு. அதில் ஒரு தடவை எந்திரத்தில் ஏற்றி இறக்கியது ஓர் அச்சு. சேகரிப்பவர் 'முதற்பதிப்பு' என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது முதல் பதிப்பின் முதல் அச்சு. அந்த முதல் அச்சுக்குள்ளேயே, எந்திரம் ஓடும்போது பிழை கண்டு திருத்தியிருந்தால், திருத்தத்துக்கு முந்தையது முதல் 'ஸ்டேட்', பிந்தையது இரண்டாம் 'ஸ்டேட்'. விற்பனைக்குப் போன பிறகு பதிப்பகம் தெரிந்தே ஏதாவது மாற்றி அனுப்பினால் அது 'இஷ்யூ'. புத்தக வணிகர்கள் பின்னிரண்டையும் கலந்து எழுதுவதுண்டு. எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று மல்லுக்கட்டாமல், எந்தப் பக்கத்தில் எந்த அடையாளம் இருக்கிறது என்று கேட்டுவிடுவதே நல்லது.

மெயின் ஸ்ட்ரீட்: தேய்மானம் சொல்லும் சாட்சி

ஆல்ஃபிரட் ஹார்கோர்ட், டொனால்ட் பிரேஸ் இருவரும் ஹென்றி ஹோல்ட் நிறுவனத்திலிருந்து வெளியேறி 1919இல் தொடங்கிய பதிப்பகத்தில் வில் ஹவ் மூன்றாவது கூட்டாளி. அவர் சீக்கிரமே விலகினார். பதிப்பகம் 'ஹார்கோர்ட், பிரேஸ் அண்ட் கம்பெனி' ஆனது. 1920 அக்டோபரில் வந்த 'மெயின் ஸ்ட்ரீட்' தலைப்புப் பக்கத்தில் மூன்று பெயர்களும், 'ஹார்கோர்ட், பிரேஸ் அண்ட் ஹவ்' என்று, இருக்க வேண்டும். 'கம்பெனி' என்றிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டியதில்லை, அது பிந்தைய அச்சு.

'ஹவ்' இருந்துவிட்டால் மட்டும் போதாது. இந்தப் புத்தகம் எதிர்பாராத வேகத்தில் விற்றது. 1921இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் இதுதான். அச்சு அடுத்தடுத்து ஏறியது. ஆகவே இரண்டு பக்கங்களைத் திறக்க வேண்டும். 54ஆம் பக்கத்தின் பக்க எண்ணில் '4' சிதையாமல் முழுதாக இருக்க வேண்டும். 387ஆம் பக்கத்தில் 'மே' என்ற சொல்லின் கடைசி எழுத்தான 'ஒய்' உடையாமல் இருக்க வேண்டும்.

பக்க எண் ஏன் முதலில் அடிபடுகிறது? பத்திக்குள் இருக்கும் எழுத்தை நாலாபுறமும் மற்ற எழுத்துகள் தாங்குகின்றன. அச்சு அழுத்தம் எல்லாவற்றிலும் பரவுகிறது. பக்க எண் வெற்றிடத்தில் தனியாக நிற்கிறது. தகட்டைத் தூக்கும்போதும் துடைக்கும்போதும் மேலே படுவது அதுதான்.

ஆனால் இந்தச் சாட்சிக்கு ஓர் எல்லை உண்டு. தேய்மானம் விளக்கை அணைத்ததுபோல் ஒரு கணத்தில் நடப்பதில்லை. முழு '4' உள்ள பிரதியும் உண்டு, நன்றாக உடைந்ததும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் லேசாக நசுங்கியதும் உண்டு. அந்த நடுப்பிரதிதான் தகராறு. மை குறைவாக ஏறியதால் மெலிந்த எழுத்தைச் சிலர் உடைந்தது என்பார்கள், மை வழிந்து மூடிய உடைப்பை முழுசு என்பார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தாளில் பதிந்த பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் முழு எழுத்தின் வடிவில் இருந்து மை மட்டும் விட்டுப்போயிருந்தால் அது உடைப்பு ஆகாது. கைபேசிப் படத்தை வைத்து இதைத் தீர்மானிக்கவே கூடாது.

பாபிட்: பெயர் மாறிய வரி

நான்கில் மிகத் தெளிவான சோதனை இதற்குத்தான். 1922 செப்டம்பர் வெளியீடு. 49ஆம் பக்கத்தைத் திறந்து நான்காவது வரியைப் பாருங்கள். 'லைட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பர்டி' என்று இருந்தால் முதல் ஸ்டேட். அடுத்த வரியில் 'எனி ஃபெல்லோ' என்பதற்குப் பதில் 'மை ஃபெல்லோ' என்றிருக்கும். இரண்டு பிழையும் சேர்ந்தே வர வேண்டும்.

பிழையின் பின்னணி தெரிந்தால் வரி மறக்காது. கதையில் பர்டி ஒரு மளிகைக் கடைக்காரர். கடைக்குப் பக்கத்திலேயே இறைச்சிக் கடை திறக்க நினைக்கிறார். ஒட்டியுள்ள மனை அவருடையது இல்லை என்று கண்டுபிடிக்கும் மனைத் தரகர் பாபிட், கான்ராட் லைட் என்ற ஊகவணிகரை 11,000 டாலருக்கு அதை வாங்கிப்போடச் சொல்கிறார். பிறகு அதே மனை பர்டியின் தலையில் 21,000 டாலருக்குக் கட்டப்படுகிறது. பாபிட்டின் தரகு 450 டாலர். ஒரே பேரத்தில் இரண்டு பெயர்கள் முன்னும் பின்னுமாக வரும் பகுதி இது. ஏமாற்றுகிறவன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஏமாறுகிறவன் பெயர் ஏறிவிட்டது. அந்த வரியில் கதையே தலைகீழாகிறது என்பதால் திருத்தாமல் விட முடியாத பிழை.

சொல் மாறிய பிழைக்கு நடுநிலை கிடையாது. ஒன்று 'பர்டி', இல்லையென்றால் 'லைட்'. அதனால்தான் தேய்ந்த எழுத்தைவிட இந்த வகை அடையாளத்தை நம்பலாம். விற்பவரிடம் 49ஆம் பக்கப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அந்தத் தாள் அந்தப் புத்தகத்தில் பிறந்ததா என்பது. ஒரு பக்கத்தில் இவ்வளவு மதிப்பு குவிந்திருக்கும்போது, சிதைந்த முதல் ஸ்டேட் பிரதியிலிருந்து அந்தத் தாளை அறுத்து, அழகான பிந்தைய பிரதியில் ஒட்டும் ஆசை யாருக்காவது வரும். 49, 50 இரண்டும் ஒரே தாளின் இரு முகங்கள். அந்தத் தாள் எந்த ஃபாரத்தில், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த எந்தத் தாள்கட்டில், இருக்கிறது என்று பாருங்கள். ஃபாரத்தின் நடுவில் தையல் நூல் தெரியும். நடுவிலிருந்து இத்தனையாவது தாள் என்று எண்ணி, மறுபக்கம் அதே எண்ணிக்கையில் உள்ள இணைத்தாளைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் மடிப்பில் ஒரே துண்டாகத் தொடர வேண்டும். உள்ஓரத்தில் பசைக்கோடு தெரிந்தாலோ, தாளின் நிறம் அக்கம்பக்கத் தாள்களோடு ஒத்துப்போகாவிட்டாலோ, மேல்விளிம்பு ஒரு மயிரளவு ஏறி இறங்கியிருந்தாலோ கையை எடுத்துவிடுங்கள்.

ஏரோஸ்மித்: 'இரண்டாம் அச்சு' என்று போட்ட முதற்பதிப்பு

நல்ல பிரதியைக் கையில் வாங்கிவிட்டுத் தப்பென்று நினைத்துத் திருப்பி வைத்துவிடும் வாய்ப்பு இந்த ஒரு புத்தகத்தில்தான் அதிகம். பதிப்புரிமைப் பக்கத்தில் 'இரண்டாம் அச்சு, ஜனவரி 1925' என்று இருக்கும். ஆனாலும் முதல் வணிகப் பதிப்பு அதுவே.

காரணம் எளியது. கையால் செய்த தாளில் லூயிஸ் கையெழுத்திட்ட 500 பிரதிகள் கொண்ட சிறப்புப் பதிப்பு ஒன்று அச்சானது. பதிப்பகம் அதை முதல் அச்சு என்று எண்ணிக்கொண்டது. அதனால் கடைக்குப் போன சாதாரணப் பதிப்பு கணக்கில் இரண்டாவதாகிவிட்டது. நாவல் வெளியானது 1925 மார்ச்சில், அச்சுக் குறிப்போ ஜனவரியைச் சொல்கிறது. வெளியீட்டுக்கு முன்பே 'இரண்டாம் அச்சு' என்று வந்திருப்பதே விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிந்தைய மாதம் போட்டிருந்தால் அது மறு அச்சு.

எதை வாங்குவது? கையெழுத்துப் பதிப்பு 500 என்று எண்ணிக்கை தெரிந்தது, கையெழுத்து நிச்சயம். ஆனால் எங்கள் கணிப்பில், நல்ல மேலுறையோடு, அதாவது அட்டைமேல் போர்த்தும் காகிதத்தோடு, இருக்கும் சாதாரணப் பிரதி அதைவிடத் தேடலுக்குரியது. சிறப்புப் பதிப்பை வாங்கியவர்கள் பாதுகாத்தார்கள். கடைப்பிரதியை வாங்கியவர்கள் படித்தார்கள், இரவல் கொடுத்தார்கள், மேலுறையைக் கிழித்து எறிந்தார்கள். இந்த நாவலுக்குத்தான் 1926இல் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டு, லூயிஸ் வாங்க மறுத்தார். 'மெயின் ஸ்ட்ரீட்'டுக்கு நடுவர்கள் பரிந்துரைத்தும் 1921இல் பரிசு நாவலாசிரியர் ஈடித் வார்ட்டனுக்குப் போனது அதற்கு முந்தைய கதை. அடுத்த நாவலான 'பாபிட்'டை லூயிஸ் அந்த வார்ட்டனுக்கே காணிக்கையாக்கினார்.

எல்மர் கேன்ட்ரி: அட்டையில் மட்டும் உள்ள பிழை

1927 மார்ச். பாஸ்டனில் விற்பனைக்குத் தடை. அமெரிக்க விமர்சகர் எச். எல். மென்கனுக்குக் காணிக்கை. இதில் தனி அடையாளம் உள்ளே ஒன்றுமில்லை, அட்டையின் முதுகில் இருக்கிறது. தலைப்பில் உள்ள 'ஜி' என்ற ஆங்கில எழுத்து 'சி' போலத் தோன்றும். தமிழில் இரண்டுக்குமே 'கேன்ட்ரி' என்றுதான் எழுதுவோம் என்பதால் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, வடிவத்தைப் பார்க்க வேண்டும். 'ஜி'யின் உள்ளே திரும்பும் சிறு கோடு காணாமல் போயிருக்கும்.

இது அட்டையில் எழுத்து பதிக்கும் உலோக அச்சின் குறை. உள்ளே உள்ள தாள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பைண்டிங் பகுதி பகுதியாக நடப்பதால், முதலில் கட்டிய பிரதிகளில் 'சி', பிறகு கட்டியவற்றில் திருத்திய 'ஜி'. ஆகவே 'சி' முதுகு கண்டதும் துள்ள வேண்டாம். பதிப்புரிமைப் பக்கத்தில் பிந்தைய அச்சின் குறிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே முதுகைக் கணக்கில் எடுக்க வேண்டும். அட்டையைக் கழற்றி வேறு தாள்கட்டுக்கு மாட்டுவது பைண்டிங் தெரிந்தவருக்குக் கடினமான வேலை இல்லை. அட்டையும் தாள்கட்டும் சேரும் உள்மூலையில் புதுப்பசை, நீளம் குறைந்த ஒட்டுத்தாள், துணிக்கும் தாள்கட்டுக்கும் இடையே பொருந்தாத தடிமன் ஆகியவை அதைக் காட்டிவிடும்.

லூயிஸ் பிறகு ஹார்கோர்ட்டை விட்டு டபுள்டே டோரனுக்குப் போனார். 1935இல் அங்கே வந்த 'இட் கான்ட் ஹேப்பன் ஹியர்' நாவலில் பதிப்புரிமைப் பக்கத்திலேயே 'முதற்பதிப்பு' என்று அச்சிட்டிருக்கும். மறு அச்சில் அந்த வரி இருக்காது. அந்த எளிய முறையோடு பழகியவர்கள் 1920களின் ஹார்கோர்ட் புத்தகத்திலும் அதே வரியைத் தேடிக் குழம்புகிறார்கள்.

மேலுறை

இந்த நான்கு புத்தகங்களிலும் விலையைத் தீர்மானிப்பது மேலுறைதான். அதிலும் 'மெயின் ஸ்ட்ரீட்' மேலுறை கண்ணில் படுவதே அபூர்வம். அந்தக் காலத்தில் மேலுறை என்பது கடையிலிருந்து வீடு வரை அழுக்குப் படாமல் காக்கும் காகிதம், அவ்வளவே. வாசகர் அதைக் கழற்றிப் போட்டார், நூலகங்களும் போட்டன. எனவே மேலுறை இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

முதலில், அது எந்தக் காலத்து மேலுறை? எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். 'மெயின் ஸ்ட்ரீட்' மேலுறையில் 'பாபிட்' பெயர் இருந்தால் அது 1920இன் மேலுறையாக இருக்க வழியில்லை. நோபல் பற்றிப் பேசினால் 1930க்குப் பிந்தையது. அந்தப் புத்தகத்துக்கே வந்த மதிப்புரைகளை மேற்கோள் காட்டினால், புத்தகம் வெளிவந்து சில வாரங்களாவது கழிந்திருக்க வேண்டும்.

கிராசெட் அண்ட் டன்லப் நிறுவனம் இந்த நாவல்களை மலிவு விலையில் மறு அச்சிட்டது. அசல் தகடுகளிலிருந்தே அடித்தவை என்பதால் பக்கங்கள் அப்படியே ஒத்துப்போகும். மேலுறைகளும் அசலின் சாயலில் இருக்கும். முதுகின் அடியில் அந்தப் பெயர் இருந்தால் பிரச்சினை இல்லை. அந்த அடிப்பகுதி மட்டும் கிழிந்து போன மேலுறை, ஹார்கோர்ட் புத்தகத்தின் மேல் போர்த்தியிருந்தால்தான் ஆபத்து. உள்மடிப்பில் விலை அச்சிட்ட மூலை வெட்டப்பட்டிருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

அடுத்து, நகலா அசலா? இருட்டறையில் புற ஊதா விளக்கு அடியுங்கள். இன்றைய தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். 1920களின் தாளில் அந்தப் பொருள் கிடையாது, மங்கலாகவே இருக்கும். ஆனால் இன்றைய கைவினைத் தாளும் ஒளிராது என்பதால், ஒளிர்ந்தால் நகல் என்று சொல்லலாம், ஒளிராவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. அப்போது உருப்பெருக்கியை எடுங்கள். எழுத்தின் விளிம்பு ஒரே நிற மையால் கூர்மையாக இருந்தால் நல்லது. பல நிறப் புள்ளிகள் கூடி எழுத்தாகியிருந்தால் அது எந்திரப் பிரதி. மடிப்புக் கோடுகளையும் பாருங்கள். அழுக்கும் கீறலும் நாரில் ஏறியிருக்க வேண்டும். அழுக்கின் படம் மட்டும் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தால் தொட்டாலே தெரியும்.

கடைசியாக, மேலுறையும் புத்தகமும் சேர்ந்தே வளர்ந்தவையா? மேலுறையைக் கழற்றிவிட்டு அடியில் உள்ள நீலத் துணியைப் பாருங்கள். மேலுறையின் முதுகில் மேல்முனை ஓர் அங்குலம் கிழிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தால், துணியிலும் சரியாக அந்த ஓர் அங்குலம் வெளுத்திருக்க வேண்டும். மேலுறை ஓட்டையாக இருக்க, துணி முழுக்க ஒரே அடர்நீலமாக இருந்தால் அண்மையில் சேர்த்த ஜோடி. துணி முழுக்க வெளுத்திருக்க, மேலுறை புதிதாக மின்னினாலும் அதே முடிவுதான். சேர்த்த ஜோடி குற்றமில்லை, அதைச் சொல்லி விற்கும் வரை.

தொலைவிலிருந்து வாங்கும்போது

விற்பனைக் குறிப்பில் 'முதற்பதிப்பு' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் எதுவும் சொன்னதாகாது. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், அந்தந்தப் புத்தகத்துக்குரிய அடையாளப் பக்கம், முதுகு, மேலுறையின் இரண்டு உள்மடிப்புகள், மேலுறை கழற்றிய அட்டை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். மேலுறை நகலா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் பக்க மூலை வெட்டப்பட்டிருக்கிறதா, நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். விற்பனை உச்சத்தில் நூலகங்கள் வாங்கிக் குவித்த புத்தகங்கள் இவை. முத்திரை இல்லாத பிரதிக்குப் பொறுத்திருக்கலாம்.

இதே காலத்து வேறு நையாண்டிக்குப் போகும்போது கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனிட்டா லூஸின் 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' 1925இல் போனி அண்ட் லிவ்ரைட் வெளியிட்டது. எழுத்துக்கூட்டவே தெரியாத பெண்ணின் நாட்குறிப்பாக எழுதிய நாவல். நான்காம் அத்தியாயத் தலைப்பில் 'டிவைன்' என்ற சொல்லை அவள் தப்பாகத்தான் எழுதுவாள், நகைச்சுவையே அதில்தான். முதல் இஷ்யூவின் பொருளடக்கத்தில் அந்தச் சொல் சரியான எழுத்துக்கூட்டலில் அச்சாகிவிட்டது. பிறகு அதைத் 'தப்பாக'த் திருத்தினார்கள். ஆக, இங்கே பிழையில்லாத பிரதிதான் முந்தையது.

வாங்கிய பின்

நீலத் துணியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சாயம் இறங்கும், ஆரஞ்சு எழுத்து செதிலாக உதிரும். மென்மையான தூரிகை போதும். முதுகு வெளிச்சத்தைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தால் நீலம் சில ஆண்டுகளில் சாம்பல் ஆகிவிடும். மேலுறைக்கு பாலியெஸ்டர் உறை போடுங்கள், பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை பழுப்பாகித் தாளின் நாருக்குள் இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை. பின்பக்கம் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டியதைத் தேவைப்பட்டால் தண்ணீரால் பிரித்துவிடலாம். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். கடலோர ஊர்களில் இது எளிதில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும் அலமாரிக்குள் வைத்து, மாதம் ஒரு முறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துங்கள்.

எந்தப் பக்கத்தில் எதைப் பார்த்தீர்கள், மேலுறை எங்கிருந்து வந்தது, என்ன பழுது நீக்கப்பட்டது என்பதை அமிலமற்ற தனித்தாளில் பென்சிலால் எழுதிப் புத்தகத்தோடு உறையில் வையுங்கள். புத்தகத்தின் உள்ளே எழுத வேண்டாம்.